விரிசல் விடாத மைக்கூடுகள்

பதினொன்றரை மணி நேரம் அந்தக் கதவு சாத்தியிருந்தது. புதன் இரவு ஏழரைக்குக் கணேசபாண்டியன் உள்ளே போய்த் தாழிட்டான். வியாழன் காலை ஏழு மணிக்கு அவனுடைய கூட்டாளி வானமாமலை கதவை உடைத்துத் திறந்தான். கணேசபாண்டியன் நினைவில்லாமல் தரையில் கிடந்தான். பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ். அலமாரியில், மண்சாமானுக்குப் பளபளப்பு ஏற்றும் ஈயப்பொடிப் பொட்டலம்.

பாகீரதியின் குறிப்புப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருந்தது. கீழே இன்னும் இரண்டு வரி.

"முகம்மது ஹனீப், எலெக்ட்ரீஷியன். டீ வாங்கிக் கொடுத்தவன். போலீஸ் பிடித்திருக்கிறது. சனி பதினோரு மணிக்குக் கோர்ட்."

"கணேசபாண்டியன் மனைவி ஆறுமுகத்தாய். ஏன் என்னிடம் வந்தாள்?"

இரண்டாவது வரியின் கீழ் அவள் கோடு போட்டிருந்தாள்.

1946 ஜூலை, வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி. கிங்ஸ் சர்க்கிளில் பஸ் கிடைக்கவில்லை. பாகீரதியும் ஜம்புவும் தாராவிக்கு நடந்தே வந்துவிட்டார்கள்.

"அக்கா, இந்தச் சந்துல குடையை விரிச்சா ரெண்டு பக்கத்துக் கூரையும் நம்ம மேல கேஸ் போடும்," என்றான் ஜம்பு.

"அப்போ மடக்கு."

பாகீரதிக்கு வயது முப்பத்திரண்டு. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. மாதுங்காவில் ஒரு தையற்கடையின் மாடியில் அறை எடுத்து, யாரும் தீர்க்காத சங்கதிகளைத் தீர்த்து வந்தாள். பேச்சு குறைவு. அவள் பங்கையும் சேர்த்து ஜம்பு பேசிவிடுவான். அவன் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். மானேஜரின் மாப்பிள்ளை வீட்டில் தீ எப்படிப் பிடித்தது என்று ரிப்போர்ட்டில் உண்மையை எழுதி, வேலையை இழந்தவன்.

முந்தின நாள் சாயங்காலம் ஆறுமுகத்தாய் நனைந்த சேலையோடு அந்த மாடிக்கு ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு யாரு என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஹனீப் அண்ணன் செய்யல."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தும் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடக்கிறான். பெண்டாட்டியோ, பிடிபட்டவனை விடுவிக்க ஆள் தேடுகிறாள். பாகீரதிக்கு அது பிடிபடவில்லை. பிடிபடாததை அவள் எப்போதும் சந்தேகத்தின் கணக்கில்தான் வைப்பாள்.

கணேசபாண்டியனின் மண்சாமான் பட்டறை சிறியது. முன்னால் ஒரு கொட்டகை. அதில் சக்கரமும் அச்சுகளும். அதற்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. செய்த சாமானைக் காயவைக்கும் இடம்; கணேசபாண்டியன் உள்ளே தாழிட்டது இதைத்தான். அதற்கும் பின்னால், பக்கங்கள் திறந்த ஒரு சாய்ப்பின் கீழ் சூளை.

வானமாமலை முழங்கை வரை வெள்ளை மண் பூசிய கைகளோடு வந்தான்.

"போலீசு எல்லாத்தையும் பாத்துட்டுப் போயாச்சு. இனி நீங்க என்னத்தப் பாக்கப்போறிய?"

"அவங்க பார்த்தது போக மிச்சத்தை," என்றான் ஜம்பு. "நாங்க மிச்சத்துலேயே பிழைக்கறவா."

காயும் அறைக்குள் இரும்பு ரேக்குகள் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொரு தட்டிலும் மைக்கூடுகள். நடுவில் ஒரு சிகடி. கரி போட்டு எரிக்கும் அந்த இரும்பு அடுப்பில் சாம்பல் அப்படியே கிடந்தது. பின்சுவரில், தோள் உயரத்தில், நாலு அங்குலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகச் சூளைச் சாய்ப்பு தெரிந்தது.

"மழைக்காலத்துல அடுப்பு எதுக்கு?" என்று கேட்டாள் பாகீரதி.

"மழைக்காலத்துக்குத்தான் அடுப்பு. பச்சை மண்ணு காயணும்லா? காயாமச் சூளையில வச்சா வெடிச்சிரும். ஆயிரத்தி இருநூறு மைக்கூடு, ஸ்கூல் ஆர்டர். ஆடி பொறக்கதுக்குள்ள கொடுக்கணும். மொதல்ல மண்ணெண்ணெய் ஸ்டவ்வு வச்சோம். புகை படிஞ்சு சாமானெல்லாம் கருத்துட்டு. கோட்டா எண்ணெய் வீட்டுக்கே காணாது. அப்புறம் கரண்டு கணப்பு. ரெண்டு வாரம் ஓடுச்சு. புதன்கெழமலேருந்து சிகடி."

"கரண்டு கணப்புக்கு என்ன ஆச்சு?"

"கெட்டுப் போச்சு."

பாகீரதி குனிந்து ரேக்கின் அடியிலிருந்து அதை இழுத்தாள். சுருள் கம்பி முழுசாக இருந்தது. எங்கும் அறுபடவில்லை. பிறகு வாசல் பக்கம் இருந்த பலகையைப் பார்த்தாள். இரண்டு பியூஸ் கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொரு கட்டை எங்கே?"

"தெரியாது."

நன்றாகத் தெரிந்தவன் சொல்லும் தெரியாது அது. ஜம்பு அவளைப் பார்த்தான். அவள் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

"சிகடி வெக்கலாம்னு யார் சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். வேற வழி?" வானமாமலையின் குரல் உயர்ந்தது. "சிகடியில ஒண்ணும் இல்லம்மா. எஸ்.ஐ.யே சொல்லிட்டாரு. கரிப்புகை ஆளக் கொல்லணும்னா ரூமு அடைச்சிருக்கணுமாம். இந்த ஓட்டை தொறந்துதான் கெடந்துச்சு. சிகரெட்டப் பத்த வச்சு ஊதிப் பாத்தாரு. புகை நேரா வெளிய போயிட்டு. அப்ப விசம்தான்னுட்டாரு."

"ஒரு சிகரெட்டுல ஒரு கேஸையே ஊதித் தள்ளிட்டார்," என்றான் ஜம்பு. "சுருட்டு குடிக்கறவரா இருந்தா மேல்கோர்ட்டையும் முடிச்சிருப்பார்."

வானமாமலை சிரிக்கவில்லை. ஒரு மைக்கூட்டை எடுத்து, விரலால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டான். அது கணீரென்றது.

"இதுதான் எனக்கு ஆறல. பாவி மனுசன் விழுந்த அன்னைக்குத்தான் சரக்கு இப்பிடிக் காஞ்சிருக்கு. இருநூத்தி நாப்பது. ஒண்ணுல ஒரு விரிசல் கெடையாது. இந்த மழைக்கு இதான் மொத தடவை."

பாகீரதி ஒரு மைக்கூட்டைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

வாசலில் நிழல் ஆடியது. ஆறுமுகத்தாய் சூளை மண்ணைக் கூடையில் சுமந்து வந்து இறக்கினாள். உமி கலந்த பழுப்பு மண். புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் சூளை வேலை நிற்க முடியாது. அவன் இல்லாவிட்டால் அது அவள் வேலை.

"அவரைக் கடைசியா நல்லபடியா எப்போ பார்த்தீங்க?" என்று பாகீரதி கேட்டாள்.

"புதன்கெழம ராத்திரி. கஞ்சி கொடுத்தேன். குளிர்காய்ச்சல் அவுகளுக்கு. மூணு மணிக்கொருக்க கரி போடணும்னு உள்ளயே படுத்துக்கிட்டாக."

"அப்புறம்?"

"காலையில ஏழு மணிக்கு. அண்ணாச்சி தூக்கிட்டு வரும்போது." அவள் கூடையைப் பார்த்தபடியே பேசினாள். "மொகம் நல்லாச் செவச்செவன்னு இருந்துச்சு. அசந்து தூங்குதாகன்னுதான் நெனச்சேன்."

பாகீரதியின் பென்சில் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

"இன்னைக்கு ஆறு மணிக்குச் சிகடி பத்த வைக்கணும்," என்றான் வானமாமலை. "நானே படுத்துக்கிடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி."

ஆறுமுகத்தாய் அதைச் சட்டென்று சொன்னாள். இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்?" என்றான் வானமாமலை.

"சும்மாத்தான்." கூடையை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போய்விட்டாள்.

பாகீரதி வானமாமலையிடம் தணிந்த குரலில் கேட்டாள். "தூக்கிண்டு வந்தப்போ அவர் முகம் எப்படி இருந்தது?"

"அதையேம்மா கேக்கிய? வாந்தி எடுத்து அப்பிக் கெடந்துச்சு. தல தொங்கிட்டு. பொணம்னே நெனச்சேன். இவ பாத்துட்டு வச்ச கூப்பாட்டுல தெருவே கூடிட்டு."

ஜம்பு வாயைத் திறந்தான். பாகீரதி தலையசைத்து அவனை நிறுத்தினாள்.

"முதல்ல பியூஸ் கட்டை," என்றாள்.

போலீஸ் சவுக்கி பத்து நிமிஷ நடை. அங்கே இருந்த ஹவல்தாரிடம் ஜம்பு பம்பாய் ஹிந்தியில் அவருடைய இடுப்பு வலியைப் பற்றி விசாரித்தான். தனக்குத் தெரிந்த தைலத்தைச் சிபாரிசு செய்தான். ஐந்து நிமிஷம் அனுமதி கிடைத்தது.

"அவருக்கு இடுப்பு வலின்னு எப்படிடா தெரியும்?"

"அந்த நாற்காலியைப் பார்த்தேன் அக்கா. மூணு கால்."

முகம்மது ஹனீப் கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மேலப்பாளையத்துக்காரன், நாற்பது வயது. பாகீரதியைப் பார்த்ததும் எழுந்தான். யார் அனுப்பினார்கள் என்று கேட்டான். ஆறுமுகத்தாய் என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பியூஸ் கட்டையைப் பற்றிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

"கையைக் காட்டுங்கோ," என்றாள் பாகீரதி.

வலது உள்ளங்கையின் குறுக்கே ஒரு தீப்புண். நேர்கோடாக, விரல் அகலத்துக்கு.

"அந்த ரேக்கோட சட்டம் இதே அகலம்தான். ரேக்குல கரண்டு பாஞ்சிருக்கு. நீங்க தொட்டிருக்கேள்."

ஹனீப் கையை மடக்கிக்கொண்டான். வெளியே பார்த்தான். ஹவல்தார் தைலத்தின் பேரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஈர மண்ணு, ஈரத் தரை, இரும்பு ரேக்கு," என்றான் மெதுவாக. "அதுக்குக் கீழ கரண்டு கணப்பு. வயரு உறை பிஞ்சு ரேக்குல பட்டுக்கிட்டு இருந்துச்சு. புதன்கெழம எனக்கே ஒரு அடி. கட்டையப் புடுங்கி ஜோப்புல போட்டுட்டேன். கணேசபாண்டி சண்டைக்கு வந்துட்டான். சாமான் காயலன்னா ஆர்டர் போயிரும்ங்கான். நீயே போயிட்டா ஆர்டர எவம்ல கொண்டு போவான்னு கேட்டேன். தெருவே கேட்டுச்சு. அப்புறம் நாந்தான் மனசு கேக்காம டீ வாங்கிட்டுப் போனேன்."

"இதைப் போலீஸ்கிட்டச் சொன்னா என்ன?" என்றான் ஜம்பு.

"சொன்னா, லைனு எங்கேருந்து இழுத்தேன்னு கேப்பான். பக்கத்துத் தோல் கொடவுன் மீட்டர்லேருந்து. கொடவுன்காரனுக்குத் தெரியாது. வானமாமலை அண்ணாச்சி கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. சொன்னா பட்டறையவே பூட்டிருவாங்கன்னு."

"அவர் உம்ம கையைப் பிடிச்சார். போலீஸ் உம்மையே பிடிச்சுடுத்து."

"நா விசம் வைக்கலங்கது உண்மதானய்யா. உண்மைக்குத் தனியா ஒரு வயரு இழுக்கணுமா?"

பாகீரதி கேட்டாள். "சுவர்ல ஓட்டை?"

"அது நா போட்டது. வெளியிலேருந்து உளி வச்சுக் கொடஞ்சேன்." அவன் குரலில் முதல் தடவையாக உற்சாகம் வந்தது. "நெருப்பு வெளிய இருக்கணும், சூடு மட்டும் உள்ள வரணும். அதான் என் பிளான். சிகடி சாய்ப்புல இருக்கும். அதுலேருந்து ஒரு தகரக் குழாய் அந்த ஓட்டை வழியா உள்ள போயி, ரூமச் சுத்தி வந்து, கூரைக்கு மேல புகைய விட்டுரும். குழாய் சுட்டா ரூமு சுடும். உள்ள கரியும் கெடையாது, கரண்டும் கெடையாது. ஆனா தகரத்துக்குப் பெர்மிட் வரல. நாலு மாசமாச்சு. குழாய் இல்ல, ஓட்டை மட்டும் மிச்சம். அதுக்கும் ஏச்சு எனக்குத்தான்."

"ஏன் ஏச்சு?"

"ஓட்டை வழியா காத்து அடிக்கும்லா? பக்கத்து வரிசைச் சாமானுக்கு ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காயும். வெடிச்சிரும். நித்தம் பத்துப் பதினஞ்சு போகும்."

"தினமுமா?"

"ஒரு நா தப்பாது. ஆனா அத மட்டும் அடைச்சிராதன்னு கணேசபாண்டிகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். சிகடின்னா காத்து வேணும்னு சொன்னேன். சரின்னுதான் சொன்னான்."

பாகீரதி புத்தகத்தை மூடினாள்.

மழை நின்றிருந்தது. திரும்பும் வழியில் ஜம்பு பத்து அடி பொறுத்தான். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, தினமும் வெடிக்கிற வரிசை அன்னிக்கு மட்டும் வெடிக்கலை."

"ஆமாம்."

"அப்போ அன்னிக்கு ராத்திரி ஓட்டை அடைச்சிருந்தது. காலையில போலீஸ் வரப்போ திறந்திருந்தது. நடுவுல யாரோ அடைச்சு, யாரோ திறந்திருக்கா. எஸ்.ஐ. சிகரெட் காலையில பிடிச்சார். ராத்திரிக்குச் சாட்சி இருநூத்தி நாப்பது மைக்கூடு. அதுக்கு வாய் மேல பார்த்து இருக்கு, அதான் யாரும் கேக்கலை."

"அடைச்ச ரூமுல கரி எரிஞ்சா ஒரு வாயு வரும்," என்றாள் பாகீரதி. "நிறம் கிடையாது. வாசனை கிடையாது. தூங்கறவன் தூங்கிண்டே போயிடுவான்."

"செய்தது வானமாமலை. கரண்டை மறைச்சான். சிகடியை அவன்தான் வெக்கச் சொன்னான். கதவை உடைச்சதும் அவன். கூட்டாளி போனா பட்டறை முழுக்க அவனுக்கு."

"இன்னிக்கு அதே ரூமுல தானே படுத்துக்கறேன்னு சொன்னானே."

"நம்மகிட்ட சொன்னான். படுப்பானா?"

பாகீரதி வேகமாக நடந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வானமாமலை சிகடிச் சாம்பலைத் தட்டிப் புதுக் கரி நிரப்பிக்கொண்டிருந்தான். பாகீரதி அவனைக் கடந்து சூளைச் சாய்ப்புக்குப் போனாள். ஆறுமுகத்தாய் அங்கே உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சூளையின் வாயைச் செங்கல் அடுக்கி, உமி மண் பூசி அடைப்பது வழக்கம். உள்ளே நெருப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சிறு துளைகள் விடுவார்கள். அந்தத் துளைக்கு மண்ணில் ஒரு தக்கை. பிடித்து இழுக்க அதில் ஒரு குமிழ். பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிடுவார்கள்.

இந்தச் சூளைக்குத் துளை இரண்டு. செங்கல் மேல் வைத்திருந்த தக்கைகள் மூன்று.

பாகீரதி மூன்றையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டின் நுனி நெருப்பில் வெந்து சிவந்திருந்தது. மூன்றாவது கொஞ்சம் பெரியது. அது வேகாத பச்சை மண். அதன் உடம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

அவள் வளையத்தை நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு.

சூளையில் எங்கும் சுண்ணாம்பு இல்லை. காயும் அறைச் சுவரில் இருந்தது. ஓட்டையின் உட்புறத்திலும் இருந்தது. அவள் சுவர் அருகே போய்த் தக்கையைச் செருகினாள். உளியால் வெளியிலிருந்து குடைந்த ஓட்டை அது. வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். தக்கை வழுவழுவென்று போய் உட்கார்ந்தது. அறைக்குள் விழுந்துகொண்டிருந்த வெளிச்ச வட்டம் மறைந்தது. குமிழ் மட்டும் இந்தப் பக்கம் நின்றது.

"வானமாமலை அண்ணாச்சி, கொஞ்சம் இப்படி வரேளா?" என்று ஜம்பு கூப்பிட்டான். "உங்க கைவேலை ஒண்ணு பார்க்கணும்."

வானமாமலை வந்து பார்த்தான். முகம் மாறியது. பிறகு கோபம் வந்தது.

"இது என் கை இல்ல. சூளை மண்ண நா தொடுததே கெடையாது. ஒரு உமி என் வெள்ள மண்ணுல விழுந்தா அச்சுல ஓட்டையாயிரும். பதினெட்டு வருசமா அந்தக் கூடையத் தாண்டித்தான் நடக்கேன். பட்டறையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவன் தன் கைகளை நீட்டினான். முழங்கை வரை வெள்ளை. தக்கையில் மருந்துக்குக்கூட வெள்ளை மண் இல்லை. ஜம்பு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாலரை மணிக்கு எனக்கு ஒரு குற்றவாளி இருந்தான் அக்கா. இப்போ இல்லை."

"இது குற்றவாளி செஞ்ச வேலை இல்லை," என்றாள் பாகீரதி. "இந்தக் குமிழைப் பாரு. கொல்றதுக்கு அடைக்கறவன் ஒரு பிடி மண்ணை அப்பிட்டுப் போயிடுவான். திரும்ப எடுக்க நினைக்கறவன்தான் கைப்பிடி வெச்சுப் பண்ணுவான்."

மண் பிசையும் சத்தம் நின்றிருந்தது.

வானமாமலை காயும் அறைப் பக்கம் திரும்பினான். "என்னமும் இருக்கட்டும். மணி அஞ்சாகப்போகுது. நா சிகடியப் பத்த வைக்கணும்."

"உள்ளே வெக்கக் கூடாது," என்றாள் பாகீரதி. அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவன் நின்றுவிட்டான். "அந்த ஓட்டை திறந்திருந்தாலும் போறாது. ஒரு ஓட்டை வழியா கெட்ட காத்து போகவும் நல்ல காத்து வரவும் முடியாது. ஹனீப் சொன்னதுதான் சரி. நெருப்பு வெளியே, சூடு உள்ளே."

"தகரம் வேணும்லாம்மா அதுக்கு? பெர்மிட்டு வரலியே. நாலு மாசமா ரேஷனிங் ஆபீசுக்கு நடக்கேன்."

ஜம்பு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஊறுகாய் ஜாடி எதுல பண்ணறேள்?"

"மண்ணுல."

"மைக்கூடு?"

"மண்ணுல."

"இந்தத் தெருவுக்கு அடியில ஓடற சாக்கடைக் குழாய்?"

வானமாமலை தன் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான். தலைமுடியிலும் வெள்ளை மண் ஏறியது.

"தோணலியே," என்றான். "சவத்த, தோணவே இல்லியே."

"தகரத்துக்கு அழுத நாலு மாசத்துல நீங்க பாந்திரா வரைக்கும் குழாய் போட்டிருக்கலாம்."

"குழாய் வனஞ்சு வேக ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மைக்கூடு ஈரமா இருக்கட்டும்," என்றாள் பாகீரதி. "ஸ்கூல்ல குழந்தைகள் பென்சில்ல எழுதட்டும்."

வானமாமலை சிகடியைத் தூக்கி வெளியே வைத்தான். கரியைக் கொட்டினான்.

பாகீரதி தக்கையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்து, ஆறுமுகத்தாயின் எதிரே மண் தரையில் உட்கார்ந்தாள். புடவையைப் பற்றிக் கவலைப்படவில்லை. தக்கையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"நேத்து உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ஹனீப் செய்யலைன்னு எப்படித் தெரியும்னு. தெரியும்னு மட்டும் சொன்னீங்க."

ஆறுமுகத்தாய் தக்கையிலிருந்து கண்ணை எடுத்து மண்ணைப் பார்த்தாள்.

"வானமாமலை தூக்கிண்டு வரச்சே அவர் முகத்துல வாந்தி அப்பியிருந்தது. பார்த்த உடனே நீங்க கத்தியிருக்கீங்க. தூங்கறார்னு நினைச்சது அப்போ இல்லை."

விரல்கள் மண்ணுக்குள் போயின.

"இந்தத் தக்கையை வெச்சது யாருன்னு நான் தேடலை," என்றாள் பாகீரதி. "விடியக்காலம் இதைப் பிடுங்கினது யாருன்னுதான் தேடறேன். ஏழு மணிக்குக் கதவை உடைக்கறதுக்கு முன்னாடியே நல்ல காத்து கொஞ்சம் உள்ளே போயிருக்கு. அதனாலதான் வாந்தி எடுத்திருக்கார். அதனாலதான் இன்னிக்கு உசிரோட இருக்கார். இதை நாளைக்குக் கோர்ட்ல சொல்லணும். டாக்டர்கிட்டயும் சொல்லணும், விஷத்துக்குன்னு மருந்து கொடுத்துண்டு இருக்கா. நான் சொன்னா அது ஊகம். பிடுங்கினவா சொன்னாத்தான் சாட்சி. ஹனீப் வெளியே வரதுக்கு வேற வழி இல்லை."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தக் காத்துக்கு மணம் கெடையாதாம்மா?" என்று கேட்டாள் ஆறுமுகத்தாய்.

"கிடையாது."

"மொகம் செவக்குமா?"

"செவக்கும். அந்த வாயு ரத்தத்துல கலந்தா அப்படித்தான் ஆகும். பார்க்கறவாளுக்கு உடம்பு நன்னா இருக்கற மாதிரி இருக்கும்."

ஆறுமுகத்தாய் கையை மண்ணிலிருந்து எடுத்தாள். தக்கையைத் தொடவில்லை. அதன் குமிழைப் பார்த்தபடி பேசினாள்.

"அவுக கேக்கல. நானாத்தான் வச்சேன். காய்ச்சலோட அந்த ஓட்டைக்கு நேராப் படுத்திருந்தாக. சாமான் வெடிச்சா அண்ணாச்சியும் ஏசுவாக. ரெண்டுக்கும் ஆச்சுன்னு, அவுக கண்ணசந்த பொறவு சூளைக்கு வைக்கமாரியே ஒண்ணு செஞ்சு வச்சேன். அடைக்கக் கூடாதுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே. பொறவு எல்லாரும் விசம் விசம்னாங்க. அப்ப இது இல்லபோலன்னு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா ஹனீப் அண்ணனப் புடிச்சிட்டுப் போவும்போது சமாதானம் ஆவல."

"பிடுங்கினது?"

"மில்லு சங்கு ஆறு மணிக்கு ஊதுச்சு. வந்து புடுங்கினேன். அரிக்கேன் வெளக்கத் தூக்கி உள்ள பாத்தேன்." அவள் கையில் ஒட்டிய மண்ணை வழித்தாள். வானமாமலை கரிக் கூடையோடு அசையாமல் நின்றான்.

"கூப்பிடணும்னு வாயத் தெறந்தேம்மா. மொகம் பிள்ள மொகம் மாரி செவச்செவன்னு இருந்துச்சு. காய்ச்சல் விட்டுட்டு, பத்து நாளைக்குப் பொறவு இன்னைக்குத்தான் நல்லாத் தூங்குதாகன்னு நெனச்சேன். கூப்பிடாமப் போயிட்டேன்."